குட்டிக்கு ஒன்றரை டம்ளர்

வாசலூர்பட்டியில் படகுத் துறைக்குப் போகும் ரோட்டோரம் நானும் என் கணவரும் ஒரு மெஸ் நடத்துகிறோம். இருவருக்கும் சொந்த ஊர் காரவள்ளி. மகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் மலை ஏறி வந்து கடை போட்டோம். முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, அதற்கும் பின்னால் வாழையும் ஒரு பலாமரமும் நிற்கிற மண்தரை. சமையல் என் வேலை, பரிமாறுவது அவர். எங்கள் கடைக்கு வந்தவர்கள் மறுபடியும் வருவதற்கு என் குழம்பு பாதிக் காரணம். மீதி, அவர் சோறு போடுகிற விதம். இலையில் சோறு குறைவதற்குள் வாளியோடு வந்து நிற்பார். போதும் என்று கையை நீட்டி மறைத்தாலும் விரல் சந்தில் ஒரு கரண்டி விழும். அரைவயிற்றோடு ஒருவர் எழுந்து போனால் அன்று முழுக்க அவருக்கு முகம் சரியாக இருக்காது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்தக் குட்டி வந்து சேர்ந்தது.

மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். மழை பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை, நண்பனின் காரில் வந்து இறங்கினான். பின்சீட்டிலிருந்து ஒரு சாம்பல் நிற மூட்டையை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினான். மூட்டைக்குக் காதும் வாலும் இருந்தன. மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்து எடுத்துத் தலை தொங்கிப் போயிருந்தது.

"என்ன சாமி இது, கன்னுக்குட்டியா?" என்றேன்.

"நாய்க்குட்டிம்மா. கிரேட் டேன். ரெண்டு மாசந்தான் ஆகுது."

ரெண்டு மாசக் குட்டி, எங்கள் தெருவில் திரிகிற முழு வளர்ச்சி நாயில் பாதிக்கு மேல் இருந்தது. பாதங்கள் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் அகலமாக இருந்தன. அவன் ஆசைப்பட்டு வாங்கிவிட்டான், அங்கே வீட்டுச் சொந்தக்காரர் நாய் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். "தோட்டம் இருக்கற ஊடா பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் பாத்துக்கோம்மா" என்றான். கூடவே ஒரு பெரிய பை நாய்த்தீவனமும், ஒரு பாட்டில் கால்சியம் டானிக்கும் இறக்கி வைத்தான். பெரிய சாதி நாய், எலும்பு பலமாக வளர வேண்டும், தினமும் டானிக் ஊற்றச் சொல்லி நண்பர்கள் சொன்னார்களாம். அவன் வைத்திருந்த பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்கள் குட்டி என்றே கூப்பிட்டோம்.

என் கணவருக்கு அன்றிலிருந்து புது வேலை கிடைத்தது. காலையில் பாலில் ஒரு முட்டையை உடைத்துக் கலக்கி வைப்பார். பத்து மணிக்குக் கோழி வேகவைத்த தண்ணீரில் சோறு பிசைந்து ஒரு தட்டு. மத்தியானம் கடைக்கு வெந்த கறியில் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்து வைப்பார். சாயங்காலம் மறுபடியும் முட்டை. மகன் கொண்டுவந்த தீவனத்தை ஒரு கை அள்ளிப் பார்த்துவிட்டு, "கோழித்தீவனமாட்டம் இருக்குது. இதத் தின்னு எது வளரும்?" என்று சொல்லி, இடையிடையே கொறிப்பதற்கு மட்டும் போட்டார். எல்லாவற்றின் மேலும் டானிக்.

சாப்பிட வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. ஏரிக்கு வந்த கூட்டம் குட்டியைக் கண்டதும் போட்டோ எடுக்கும். எடுத்த கையோடு பிஸ்கட், சிப்ஸ், புரோட்டா என்று கையில் இருந்ததைக் கொடுக்கும். குட்டி கிடுகிடுவென்று வளர்ந்தது. தினமும் எங்களிடம் சாப்பிடுகிற பஸ் டிரைவர் ஒருவர், "இன்னும் கொஞ்ச நாள்ல இது எங்க பஸ்ஸுக்குள்ள நொழையாதுங்கண்ணா" என்பார். இவர் முகத்தில் அப்போது வருகிற பெருமையைப் பார்க்க வேண்டும். மகன் படித்து வேலைக்குப் போனபோது கூட அவ்வளவு பூரிப்பை நான் பார்க்கவில்லை.

எனக்குத்தான் சரியாகப் படவில்லை. பின்பக்கத்தைக் கூட்டிக் கழுவுகிறவள் நான். குட்டிக்கு வயிறு நிற்கவே இல்லை, தண்ணியாகப் போனது. வயிறு குடமாக உருண்டிருக்க, கால்கள் மட்டும் அந்தப் பாரத்தைத் தாங்குகிற கால்களாகத் தெரியவில்லை.

"ஏனுங்க, கொஞ்சம் கொறச்சுப் போடுங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"வளர்ற உசுரு புள்ள. அதுக்குப் போய்க் கொறைக்கறதா?" என்று நகர்ந்துவிட்டார்.

ஒரு நாள் காலையில் கடைக்குள் டைல்ஸ் தரையைக் கழுவிக்கொண்டிருந்தேன். பின்வாசலிலிருந்து குட்டி என்னைப் பார்த்து வந்தது. முன்னங்கால்கள் இரண்டும் வழுக்கின. எழுந்து நின்றபோது, மனிதருக்கு மணிக்கட்டு என்றால் எந்த இடமோ அந்த இடத்தில் கால் முன்னால் மடங்கியது. பாதம் விரிந்து தரையோடு தரையாகப் பரவியது. ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டது. வலியில் கத்தவில்லை. என்ன ஆயிற்று என்று என்னைப் பார்த்தது. அவர் ஓடிவந்து ஈரத்தரையிலேயே உட்கார்ந்து, அதன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"சத்துப் பத்தல புள்ள" என்றார்.

அன்று டானிக் இரண்டு மடங்கானது. ஆட்டுக்கால் சூப் வந்தது. அடுத்த நாள் கால் இன்னும் மடங்கியது. அதற்கு மேல் நான் காத்திருக்கவில்லை. காய்கறி எடுக்கிற வேனில் குட்டியை ஏற்றச் சொல்லி, கடைக்கு ஒருநாள் லீவு விட்டு, நாமக்கல்லுக்குக் கிளம்பினோம். அத்தனை வளைவுக்கும் குட்டியின் தலை என் மடியில் கிடந்தது.

அங்கே பார்த்த கால்நடை மருத்துவர் ஒரு இளம்பெண். முதலில் குட்டியை உள்ளே வழவழப்பான தரையில் நடக்கவிட்டார். பிறகு வெளியே மண்ணில் நடக்கவிட்டார். மண்ணில் கொஞ்சம் நன்றாகவே நடந்தது. மூட்டுகளை மடக்கி நீட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். எல்லாம் முடிந்த பிறகு, "என்னங்கண்ணா சாப்பிடக் குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

கடைக்கு வந்தவரிடம் இன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்று சொல்வாரே, அதே குரலில் இவர் ஆரம்பித்தார். பால், முட்டை, கோழித்தண்ணி, கறி, ஈரல், சூப், தீவனம், டானிக். மருத்துவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானுங்களா?"

"வர்றவங்க பிஸ்கட்டு, புரோட்டா போடுவாங்க. அதச் சேக்கலீங்க."

மருத்துவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணா, இது சத்துக் கொறைச்சல் இல்லீங்க. ஒடம்பு வேகமா ஏறிருச்சு. காலு அதுக்கு ஈடு குடுக்க முடியாம மடங்குது. இந்தச் சாதி சீக்கிரம் வளர்ந்தா நல்லதுன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. மெதுவா வளர்ந்தாத்தான் எலும்பும் மூட்டும் நல்லா அமையும்."

"அப்ப டானிக்குங்க?"

"இன்னையோட நிறுத்தீருங்க. பெரிய சாதிக் குட்டிக்குன்னு செஞ்ச தீவனம் உங்ககிட்ட இருக்குது. அதுலயே வேண்டிய கால்சியம் இருக்குதுங்க. இந்த வயசுக் குட்டிக்கு வேண்டாதத வெளிய தள்ளத் தெரியாது. மேல மேல ஊத்துனா எல்லாம் உள்ள போயி எலும்பு கோணலாயிரும்."

இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "கொறச்சுப் போட்டா எப்புடீங்க வளரும்?" என்றார்.

"வளருங்கண்ணா. அது எவ்வளவு ஒசரம் ஆகோணுமோ அவ்வளவு ஆகியே தீரும். ரெண்டு மாசம் முன்ன பின்ன ஆகும், அவ்வளவுதான்."

பிறகு என் கையைப் பிடித்துக் குட்டியின் விலாவில் வைத்தார். "தடவிப் பாருங்கம்மா. தடவுனா எலும்பு கைக்குத் தட்டுப்படோணும். ஆனா கண்ணுக்குத் துருத்திட்டுத் தெரியக்கூடாது. மேல நின்னு பாத்தா இடுப்பு ஒடுங்கித் தெரியோணும். இப்ப உங்களுக்கு என்ன தட்டுப்படுது?" எனக்கு மெத்தைதான் தட்டுப்பட்டது. மூன்று வேளை, ஒரே தீவனம், வேளைக்கு ஒன்றரை டம்ளர் என்று சொன்னார். வீட்டுச் சோற்றைச் சட்டென்று நிறுத்தாமல், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத் தீவனத்துக்கு மாற்றச் சொன்னார். வெந்த எலும்பு எப்போதுமே கூடாது. சாப்பிட்டதும் ஓடவிடக் கூடாது. டைல்ஸில் நடக்கவிடாமல் மண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும்.

திரும்பி வரும்போது காரவள்ளியில் டீ குடிக்க இறங்கினோம். இவர் பழக்கத்தில் குட்டிக்கென்று ஒரு பன் வாங்கிவிட்டார். வேன் கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார். பன்னைத் தானே தின்று முடித்தார்.

மறுநாளிலிருந்து குட்டியின் சாப்பாட்டை நான் எடுத்துக்கொண்டேன். மருத்துவர் சொன்னதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. அடுப்படியில் நிற்கிறவளுக்கு அளவுதான் தொழில். கூடுதலாகப் போட்டால் எதுவும் கூடுதலாக ருசிக்காது என்பது தெரியாமல் இத்தனை வருஷம் குழம்பு வைக்க முடியாது. பழைய எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தீவனப் பைக்குள்ளேயே போட்டேன். பின்பக்கம் நடைபாதைக்குச் சாக்கு விரித்தேன். கடைக்குள் வராமல் இருக்க வாசலில் ஒரு தட்டி கட்டினேன். கடை திறப்பதற்கு முன் ஒரு வேளை, மத்தியானக் கூட்டம் கலைந்ததும் ஒரு வேளை, இருட்டுவதற்கு முன் ஒரு வேளை. மரவள்ளிக்கிழங்கு மூட்டை நிறுக்கிற தராசில் வாரம் ஒருமுறை குட்டியை நிற்க வைத்தேன். கால் தரையில் நிற்காமல் ஆடுவது முதலில் அதற்குப் பிடிக்கவில்லை. கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தால் நிற்கும்.

ஊர் பேசத்தான் செய்தது. காரில் வந்த ஒரு அம்மா, சாப்பிட்டு முடித்துக் கைகழுவ வந்த இடத்தில் தட்டிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "இவ்வளவு பெரிய மெஸ் வெச்சிருக்கீங்க. வாயில்லா ஜீவனுக்கு ஒரு வாய் சோறு போடக்கூடாதா? எப்படிப் பாக்குது பாருங்க" என்றார்.

"அது அப்படித்தானுங்க பாக்கும். இப்பத்தான் சாப்ட்டுச்சு" என்றேன். அவர் நம்பவில்லை. போகும்போது தட்டிக்கு அடியில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைச் செருகிவிட்டுப் போனார். நான் எடுத்துக் கடை அலமாரியில் வைத்தேன்.

எங்களுக்கு மிளகும் ராகியும் கொண்டுவருகிற அக்கா ஒருத்தி மலைமேலேயே இருக்கிற அரியூர் நாட்டிலிருந்து வருவாள். அவளுக்கு மட்டும் இது ஒரு விஷயமாகவே படவில்லை. "எங்க காட்டு நாயிங்களுக்கு யாரு கண்ணு முட்டையும் கறியும் ஊட்டுனா? காலு கம்பாட்டம் நிக்குது" என்று சொல்லிவிட்டு மிளகை அளக்கப் போய்விட்டாள்.

பத்துப் பதினைந்து நாளில் கால் கொஞ்சம் நிமிர்ந்தது. எனக்கு மனசு இலேசானது. ஆனால் அதற்கடுத்த வாரம் தராசில் எடை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. வயிறும் மறுபடி இளகியது. நான் போடுவது ஒன்றரை டம்ளர்தான், தலைதட்டித்தான் போடுகிறேன். வெளியார் கை எட்டாமல் தட்டியும் உயர்த்தியாயிற்று. மீதி இருப்பது வீட்டில் ஒரே ஒரு ஆள்.

அன்று மத்தியானம் கூட்டம் கலைந்ததும், வாழையிலை அறுத்து வருகிறேன் என்று அவர் பின்னால் போனார். கொஞ்ச நேரம் விட்டு நானும் போனேன். பலாமரத்துக்கு அந்தப் பக்கம் எனக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். சட்டைப் பையில் அவித்த முட்டைகள். ஒன்றை உரித்து ஊதி ஆற்றி நீட்டிக்கொண்டிருந்தார். குட்டி பவ்வியமாக வாங்கிக்கொண்டது.

"எத்தன நாளா நடக்குதுங்க இது?"

அவர் திரும்பவில்லை. "தெனமும் இல்ல புள்ள."

"கால் மடங்கிக் கெடந்தது மறந்துபோச்சா?"

"மறக்கல. அதுக்காக என்ன பண்றது? வந்து எதுக்கால நின்னு பாக்குது. நான் சோறு போடறவன் புள்ள. பாத்துட்டு நிக்கற உசுருக்கு இல்லைன்னு சொல்லி எனக்குப் பழக்கமே இல்ல. நீ போட்டுட்டு உள்ள போயிர்ற. அது என்னையத்தானே தேடி வருது."

கையில் முட்டைத் தோலோடு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் என் கோபம் அடங்கிவிட்டது. இந்த மனிதரைப் போடாதே என்று தடுத்து ஜெயிக்க முடியாது என்று அப்போது தெரிந்தது. தடுத்தால் ஒளிந்து போடுவார். உள்ளே போய்த் தீவனப் பையிலிருந்து டம்ளரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"இந்தாங்க. இனி நான் போடல. மூணு வேளையும் நீங்கதான் போடோணும். முட்டை ஆசையா இருந்தா எப்பவாச்சும் ஒண்ணு போடுங்க, அதுக்கு ஈடா தீவனத்துல கொறைக்கோணும். தராசுல நிறுத்திப் பாக்கறதும் நீங்கதான். அடுத்த தடவ டாக்டரம்மா கேட்டா பதில் சொல்றதும் நீங்கதான்."

"நானா?" என்றார்.

"நீங்கதான். எனக்கு அடுப்பு வேலை கெடக்குது."

அன்று சாயங்காலம் அவர் டம்ளரை நிரப்புவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேலே குவிந்ததை ஆள்காட்டி விரலால் வழித்துப் பைக்குள் தள்ளினார். அரை டம்ளருக்குக் கண்ணருகே தூக்கிப் பிடித்து, கொஞ்சம் கொட்டி, கொஞ்சம் சேர்த்து, மறுபடியும் பார்த்தார். பிறகு குட்டியை உட்காரச் சொல்லிவிட்டுத் தட்டை வைத்தார். அது தின்று முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். முடித்துவிட்டு அது நிமிர்ந்து பார்த்தபோது, "அவ்வளவுதான் சாமி, வெடியால பாத்துக்கலாம்" என்று சொல்லித் தலையைத் தடவினார். தலையைத் தடவியதே குட்டிக்குப் போதுமானதாக இருந்தது. சாக்கில் போய்ச் சுருண்டு படுத்துக்கொண்டது.

அதன் பிறகு நான் எதையும் ஒளிந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. பொறுப்பு தன் கைக்கு வந்ததும் அவர் என்னைவிடக் கறாரானார். தட்டிக்கு அருகே யாராவது நின்றாலே பரிமாறுகிற வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிடுவார். ஆடி மாதக் கூட்டத்தில் ஏரிப்பக்கம் கால் வைக்க இடமில்லாத ஒரு நாள், இளைஞன் ஒருவன் பிரியாணிக் கோழிக்காலை எலும்போடு குட்டியின் முன் நீட்டினான். இவர் குறுக்கே கையை வைத்தார்.

"வேண்டாமுங்க தம்பி. வெந்த எலும்பு கூடாதுங்க, சில்லுச் சில்லா ஒடஞ்சு கொடலக் குத்தும். உங்களுக்கு இன்னொரு கரண்டி சோறு வெக்கட்டுங்களா? வாங்க."

கால்கள் அந்த மாதத்திலேயே நேராகிவிட்டன. இரண்டாம் முறை நாமக்கல்லுக்குப் போனபோது மருத்துவர் விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "யாருங்க போடறது?" என்று கேட்டார். "நானுங்க" என்றார் இவர். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆறு மாதம் கடந்ததும் மூன்று வேளையை இரண்டாக்கினோம். எடைக்கு ஏற்ப அளவு கூடியது. ஒவ்வொரு முறையும் மருத்துவருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் கூட்டினார்.

பொங்கல் லீவுக்கு மகன் வந்தான். தோட்டம் வைத்த வீடு கிடைத்துவிட்டது, குட்டியைக் கூட்டிப்போக வந்திருக்கிறேன் என்றான். குட்டி அப்போது அவன் இடுப்புயரம் இருந்தது. முதலில் குரைத்தது, பிறகு மோந்து பார்த்து அடையாளம் கண்டுகொண்டு அவன் தோளில் காலைப் போட்டது. அவன் அதன் முதுகைத் தடவிவிட்டு, "என்னம்மா, எளச்சுப் போச்சு? கடையில ஒண்ணும் போடறதில்லையா?" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் அவன் அப்பா அவன் கையைப் பிடித்து விலாவில் வைத்துவிட்டார். எலும்பு தட்டுப்பட வேண்டும், துருத்தக் கூடாது என்று தொடங்கினார். கால்சியம், மூட்டு, வேளை, அளவு, சாப்பிட்டபின் ஓடவிடாதது, எடை என்று ஒன்று விடவில்லை. மகன் பாவம், காரிலிருந்து பையைக்கூட இறக்காமல் நின்று கேட்டான். கடைசியில், "நீ வேலைக்குப் போயிட்டா அங்க மத்தியானம் யாரு பாக்கறது கண்ணு? சாயந்தரம் லேட்டானா?" என்று கேட்டார் இவர். குரலில் சண்டை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மகன் இரண்டு நாள் யோசித்தான். அந்த இரண்டு நாளும் அப்பாவும் குட்டியும் சாப்பாட்டு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று பின்வாசலில் உட்கார்ந்து பார்த்தான். கிளம்புகிற அன்று, "இங்கயே இருக்கட்டும்மா. நான் லீவுக்கு வந்து பாத்துக்கறேன்" என்றான். அவனுக்கு வருத்தம்தான். அதை மறைக்கவும் இல்லை. காரில் ஏறுவதற்கு முன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றான்.

குட்டிக்கு இப்போது ஒன்றரை வயது தாண்டிவிட்டது. வளர்ந்த நாய்க்கான தீவனத்துக்கு மாற்றலாம் என்று போன மாதம் மருத்துவர் சொன்னார். பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரத்துக்கு மேலாகவே இவர் மாற்றி முடித்தார். இன்னும் எல்லோரும் அதைக் குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். வெளியூர்க்காரர்கள் அந்தப் பேரைக் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

காலையில் அடுப்புப் பற்றவைப்பதற்கு முன், அதன் சாப்பாட்டுக்கும் முன், நான் அதை ஏரிக்கரை வரை கூட்டிப்போய் வருகிறேன். பனி விலகாத நேரத்தில் கால் நேராக, அகலமாக எடுத்து வைத்து என் பக்கத்திலேயே நடக்கும். கயிறு தளர்வாகத்தான் இருக்கும், இழுக்காது. திரும்பி மேட்டில் ஏறும்போது எனக்கு மூச்சு வாங்கும். நான் நின்றால் அதுவும் நிற்கும்.